போருக்குப் பணம், உறுப்பினர்கள் மீது விசாரணை: அமெரிக்கக் காங்கிரஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியலைப் பற்றி எங்கே பேச உட்கார்ந்தாலும் எனக்கு ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போருக்கான பணத்தை யார் தருவது, தர மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும், அந்தப் பணத்தில் கைவைத்த உறுப்பினரை யார் தட்டிக் கேட்பது. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் 2007-ஆம் ஆண்டையே எடுத்துக்கொண்டேன். இராக் போர்ப் பணச் சண்டையும் உறுப்பினர் ஒழுக்கச் சண்டையும் அந்த ஆண்டு ஒரே கட்டிடத்தில், ஒரு கட்டத்தில் ஒரே வாரத்தில் நடந்தன. நான் அந்தப் போரை எதிர்த்தவன். படிப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டே படிக்கலாம்.

அதிபர்தானே முப்படைக்கும் தலைவர்? அப்புறம் போருக்குப் பணம் கேட்டு அவர் ஏன் காங்கிரஸ்கிட்ட போகணும்?

முதலில் ஒன்று. இங்கே காங்கிரஸ் என்றால் அமெரிக்காவின் நாடாளுமன்றம். அதில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட் என இரண்டு அவைகள்.

படைக்குத் தலைமை தாங்குவது அதிபர். ஆனால் போர் அறிவிக்கும் அதிகாரமும் படை திரட்டிப் பராமரிக்கும் அதிகாரமும் அரசியல் சட்டப்படி காங்கிரஸுக்குத்தான். சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட வெளியே போகக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. தரைப்படைக்கு ஒரே தடவையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணம் ஒதுக்கவும் முடியாது. படையும் பணப்பையும் ஒரே கையில் இருந்தால் ராஜா ஆட்சியாகிவிடும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பயந்தார்கள்.

இராக் போருக்குக் காங்கிரஸ்தானே சம்மதம் கொடுத்தது? கொடுத்துட்டு அப்புறம் என்ன சண்டை?

கொடுத்தது உண்மை. 2002 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையில் 296-133, செனட்டில் 77-23. இரண்டு கட்சியினரும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. 2003 மார்ச்சில் படை உள்ளே போனது. போனதற்குச் சொன்ன காரணமான பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இராக்கியர்களுக்குள்ளேயே ரத்தக்களறி மூண்டது.

2006 நவம்பர் தேர்தலில் மக்கள் கோபம் வெளிப்பட்டது. ஜனநாயகக் கட்சி இரண்டு அவைகளையும் பிடித்தது, நான்சி பெலோசி சபாநாயகர் ஆனார். போரை முடிக்கச் சொல்லித்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று அக்கட்சி சொன்னது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் புஷ்ஷோ 2007 ஜனவரி 10 அன்று இன்னும் 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பப் போவதாக அறிவித்தார். அங்கே மூண்டதுதான் சண்டை.

வருஷா வருஷம் பட்ஜெட் போடுறாங்களே, போர்ச் செலவை அதிலேயே சேர்த்துட்டா போச்சே?

சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. போர் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் இராக், ஆப்கானிஸ்தான் செலவுகளின் பெரும்பகுதி ‘அவசரத் துணை ஒதுக்கீடு’ என்ற பெயரில்தான் வந்தது. அவசரம் என்று முத்திரை குத்திவிட்டால் வழக்கமான செலவு வரம்பு பொருந்தாது. குழுக்களின் விசாரிப்பும் குறையும். வரி உயர்த்தவும் இல்லை, கடன் வாங்கித்தான் நடத்தினார்கள். காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு 2014 இறுதியில் போட்ட கணக்குப்படி 2001-க்குப் பிறகான போர்களுக்கு ஒதுக்கியது 1.6 லட்சம் கோடி டாலர். அதில் இராக்கின் பங்கு மட்டும் பாதிக்கும் மேல்.

அவசர மசோதா கட்டாயம் நிறைவேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே ஆளாளுக்குத் தங்கள் சாமானை அந்த வண்டியில் ஏற்றினார்கள். 2007 மார்ச்சில் வந்த போர் மசோதாவில் கீரை விவசாயிகளுக்கு 2.5 கோடி டாலர், நிலக்கடலைச் சேமிப்புக்கு 7.4 கோடி டாலர் இருந்தன. அந்த விவசாயிகளுக்கு உண்மையிலேயே நஷ்டம் இருந்திருக்கலாம். ஆனால் தயங்கும் உறுப்பினர்களின் ஓட்டைச் சேர்க்க இவை உதவின. உயிர் போகும் விஷயத்தில் அப்படி ஓட்டுச் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2007-ல உண்மையில என்னதான் நடந்தது? கொஞ்சம் வரிசையா சொல்லுங்க.

பிப்ரவரி 16 அன்று, கூடுதல் படை அனுப்புவதை ஏற்கவில்லை என்று பிரதிநிதிகள் சபை 246-182 என்று தீர்மானம் போட்டது. அது யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம். மார்ச் 23 அன்று உண்மையான பலப்பரீட்சை: சுமார் 12,400 கோடி டாலர் போர் மசோதா, கூடவே 2008-க்குள் சண்டையிடும் படையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கெடு. 218-212, ஒரு நூலிழையில் தப்பியது. செனட்டும் தன் வடிவத்தை நிறைவேற்ற, இரண்டையும் ஒன்றாக்கி ஏப்ரல் இறுதியில் அதிபருக்கு அனுப்பினார்கள்.

மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஆறு ஆண்டு ஆட்சியில் அது அவருடைய இரண்டாவது வீட்டோ. சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் அவர் விமானம் தாங்கிக் கப்பலில் நின்று, இராக்கில் பெரிய சண்டைகள் முடிந்துவிட்டன என்று அறிவித்திருந்தார். வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மறுநாள் கிடைத்தது 222-203. போதவில்லை.

பிறகு மூன்று வாரப் பேரம். மே 24 அன்று கெடு எதுவும் இல்லாத சுமார் 12,000 கோடி டாலர் மசோதா நிறைவேறியது. இராக் அரசு செய்ய வேண்டியவை என்று 18 இலக்குகளை அதில் எழுதினார்கள். தவறினால் ஒரு பகுதி உதவியை நிறுத்தலாம், வேண்டாமென்று அதிபர் நினைத்தால் நிறுத்தாமலும் விடலாம். கையில் பிரம்பு இல்லாத வாத்தியார் மாதிரியான ஏற்பாடு. ஜனநாயகக் கட்சிக்கு அதில் கிடைத்தது குறைந்தபட்சக் கூலி உயர்வு: மணிக்கு 5.15 டாலரிலிருந்து மூன்று கட்டமாக 7.25 டாலர். நவம்பரில் 5,000 கோடி டாலரோடு மறுபடியும் ஓர் இலக்குத் தேதி வைத்துப் பார்த்தார்கள், செனட்டில் 60 ஓட்டுத் தேறவில்லை. டிசம்பரில் நிபந்தனையே இல்லாமல் 7,000 கோடி டாலர் போனது. இராக்கில் அமெரிக்கப் படைக்கு மிக அதிக உயிர்ச்சேதம் ஏற்பட்ட ஆண்டும் அதுதான்.

செனட்ல பெரும்பான்மை 51 போதாதா? 60 எதுக்கு?

மசோதாவை நிறைவேற்ற 51 போதும். ஆனால் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே 60 வேண்டும். அந்த 60 தேறாதவரை விவாதத்தை இழுத்தடித்து மசோதாவை முடக்குவதைத்தான் பிலிபஸ்டர் என்கிறார்கள். 2007-ல் ஜனநாயகக் கட்சி அணியில் இருந்தது 51 பேர், அதில் இருவர் சுயேச்சைகள். அந்த இருவரில் ஒருவரான ஜோ லீபர்மன் போரை ஆதரித்தவர்.

பணத்தை நிறுத்தினா சண்டையில நிக்கிற சிப்பாய்க்குச் சோறும் குண்டும் இல்லாம போயிடாதா?

2007 முழுக்க ஒலித்த கேள்வி இதுதான். பணத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களை வாயடைக்க வைத்ததும் இதுதான். நேர்மையாகப் பதில் சொல்கிறேன்: எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. நாளைக் காலையிலிருந்து ஒரு டாலரும் கிடையாது என்று கையை விரித்தால் குழப்பம்தான். அப்போதும்கூட 1861-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஒதுக்கீடு வராவிட்டாலும் உணவு, உடை, எரிபொருள், மருந்து, போக்குவரத்து போன்ற அவசியங்களை ராணுவம் கடன் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். வேறு கணக்கிலிருந்து பணத்தை மாற்றிக்கொள்ளவும் ஓரளவு வழி உண்டு.

ஆனால் 2007-ல் யாரும் அப்படிக் கேட்கவில்லை. செனட்டர் ரஸ் ஃபைன்கோல்ட் கொண்டுவந்த யோசனை என்னவென்றால், பல மாத அவகாசம் கொடுத்து, 2008 மார்ச் 31-க்குப் பிறகு சண்டைக்குப் பணம் இல்லை, படை பத்திரமாகத் திரும்பவும் சில குறிப்பிட்ட வேலைகளுக்கும் மட்டும் பணம் உண்டு என்பது. அதற்கு விழுந்த ஓட்டு 29 மட்டுமே, எதிர்த்து 67. பத்திரமாகத் திரும்பி வரத் தரும் பணமும் சிப்பாய்க்கான ஆதரவுதான் என்பதை அந்த 67 பேரில் பலர் தனியாக ஒப்புக்கொள்ளத் தயங்கியிருக்க மாட்டார்கள். தேர்தல் மேடையில் அதை விளக்க முப்பது வினாடி விளம்பரம் போதாது என்ற பயம்தான் அவர்களைத் தடுத்தது என்று நான் நம்புகிறேன்.

இதுக்கு முன்னாடி காங்கிரஸ் எப்பவாவது பணத்தை நிறுத்திப் போரை முடிச்சிருக்கா?

இருக்கிறது, ஆனால் எப்போதும் தாமதமாக. வியட்நாம் போர் நடந்தபோது, 1970 இறுதியில் கம்போடியாவுக்குள் தரைப்படை அனுப்பப் பணம் தரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1973-ல் கம்போடியா மீதான குண்டுவீச்சை நிறுத்த வந்த மசோதாவை அதிபர் நிக்சன் வீட்டோ செய்தார். ஆனாலும் காங்கிரஸ் விடவில்லை. கடைசியில் ஆகஸ்ட் 15-ஐக் கெடுவாக அவர் ஏற்க வேண்டியதாயிற்று, அந்தத் தேதியில் குண்டுவீச்சு நின்றது. 2007-ல் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டோவுக்குப் பிறகும் மறுபடி மறுபடி அனுப்பியதால் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதற்குள் அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமிலிருந்து ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள்.

சோமாலியாவுக்கு 1994 மார்ச் 31-க்குப் பிறகு பணம் இல்லை என்று 1993-ல் விதித்தார்கள். அது அதிபர் கிளின்டன் தானே சொன்ன தேதி.

சொந்தக் கட்சி மசோதாவுக்கே எதிரா ஓட்டுப் போடுறாங்களே, கொறடா சும்மா இருப்பாரா?

கொறடா உண்டு, ஆனால் கையில் ஆயுதம் குறைவு. நம் நாட்டில் 1985-லிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. அதிபரின் மசோதா தோற்றால் ஆட்சியும் கவிழாது, அவருக்கு நான்கு ஆண்டுப் பதவிக்காலம் உறுதி. அதனால் உறுப்பினர் கட்சித் தலைமைக்குப் பயப்படுவதைவிடத் தொகுதிக்கும் நன்கொடையாளருக்கும்தான் அதிகம் பயப்படுவார்.

மே 24 ஓட்டெடுப்பு இதற்கு நல்ல பாடம். பெலோசி மசோதாவை இரண்டாகப் பிரித்து ஓட்டுக்கு விட்டார். கூலி உயர்வும் உள்நாட்டுச் செலவும் ஒன்று, போர்ப் பணம் இன்னொன்று. கூலி உயர்வு 348-73. போர்ப் பணம் 280-142. ஆதரித்த 280 பேரில் ஜனநாயகக் கட்சியினர் 86 பேர்தான், எதிர்த்தவர்கள் 140 பேர். அதாவது பெரும்பான்மைக் கட்சியின் பெரும்பான்மையினர் எதிர்த்த மசோதா எதிர்க்கட்சியின் ஓட்டில் நிறைவேறியது. அதைச் சபைக்குக் கொண்டுவர வழிவிட்ட பெலோசியே எதிர்த்து ஓட்டுப் போட்டார். பணம் போய்ச் சேர வேண்டும், பழி மட்டும் தங்கள் மேல் விழக்கூடாது என்ற ஏற்பாடு. போரை எதிர்த்த பலருக்கு அன்றைக்கு மனம் விட்டுப்போனது, எனக்கும்தான்.

சரி, உறுப்பினர் தப்பு செஞ்சா விசாரிக்கிறது போலீஸா, சபையா?

இரண்டும், தனித்தனியாக. லஞ்சம் போன்ற குற்றம் என்றால் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ விசாரிக்கும், அரசின் நீதி அமைச்சகம் வழக்குப் போடும். சபையின் விதிகளை மீறினாரா என்பதை நெறிமுறைக் குழு பார்க்கும். பிரதிநிதிகள் சபைக் குழுவில் 10 பேர், கட்சிக்கு ஐந்து. செனட் குழுவில் ஆறு பேர், கட்சிக்கு மூன்று. எச்சரிக்கைக் கடிதத்தில் தொடங்கி, கண்டிப்பு, சபை நடுவே நிற்க வைத்துக் கண்டனம், கடைசியாக வெளியேற்றம் வரை தண்டனைகள்.

வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரதிநிதிகள் சபை தன் வரலாற்றில் வெளியேற்றியது ஆறு பேரைத்தான். அதில் மூவர் 1861-ல் உள்நாட்டுப் போரில் தென்பகுதியோடு போனவர்கள். மற்றவர்கள் 1980-ல் மையர்ஸ், 2002-ல் டிராஃபிகன்ட், 2023-ல் சான்டோஸ்.

போர்ப் பணத்துக்கும் லஞ்ச விசாரணைக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் வேற வேற விஷயம்தானே?

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். போர் வந்தால் பாதுகாப்பு ஒதுக்கீடு வேகமாக வீங்கும். அந்த ஒதுக்கீட்டுக்குள் குறிப்பிட்ட நிறுவனத்துக்கோ தொகுதிக்கோ இவ்வளவு என்று உறுப்பினர் ஒருவர் வரி சேர்த்துவிட முடியும். அதற்கு இயர்மார்க் என்று பெயர். 2007-க்கு முன்பு சேர்த்தது யார் என்ற பெயர்கூட வெளியே வராது. மேலே சொன்ன கீரையும் கடலையும் கண்ணுக்குத் தெரிந்தவை. ராணுவ ஒப்பந்தங்களில், அதுவும் உளவுத் துறை சம்பந்தப்பட்ட ரகசியப் பகுதியில், என்ன நுழைந்தது என்று யாருக்குத் தெரியும்?

ராண்டி கன்னிங்ஹாம் கதையைப் பாருங்கள். வியட்நாம் போரில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய கடற்படை வீரர், கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர், பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் இருந்தவர். ஒப்பந்ததாரர் ஒருவர் அவருடைய வீட்டை 16.75 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறகு 7 லட்சம் நஷ்டத்துக்கு விற்றார். சான் டியகோ பத்திரிகையாளர்கள் 2005-ல் நிலப் பத்திரங்களைப் புரட்டியபோது அது அகப்பட்டது. வாங்கிய லஞ்சம் குறைந்தது 24 லட்சம் டாலர். காங்கிரஸ் முத்திரை போட்ட அட்டையில் தன் கைப்பட விலைப்பட்டியல் எழுதியிருந்தார்: 1.6 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஒரு படகு, அதற்கு மேல் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் 50,000 டாலர். 2006 மார்ச்சில் எட்டு ஆண்டு நான்கு மாதச் சிறை. 2021-ல் அதிபர் டிரம்ப் நிபந்தனையுடன் மன்னிப்புக் கொடுத்தார்.

சிப்பாய்கள் சரியான கவசம் பூட்டாத வண்டிகளில் சாலையோரக் குண்டுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்கள் பெயரைச் சொல்லி ஒதுக்கிய நிதியிலிருந்து ஒப்பந்தங்கள் இப்படி விலை பேசப்பட்டன. அதனால்தான் இரண்டையும் வேறு வேறு விஷயமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

ஜான் மர்தாவைப் போரை எதிர்த்த வீரர்னு சிலர் சொல்றாங்க, ஊழல்வாதின்னு சிலர் சொல்றாங்க. எது உண்மை?

மர்தா பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர், வியட்நாமில் சண்டையிட்ட மரைன் அதிகாரி. பாதுகாப்பு விஷயத்தில் கடும்போக்குக் கொண்டவர். 2002-ல் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். அவரே 2005 நவம்பர் 17 அன்று படை திரும்ப வேண்டும் என்று சொன்னபோது நாடே நிமிர்ந்து பார்த்தது. காயம்பட்ட வீரர்களை மருத்துவமனைகளில் அடிக்கடி போய்ப் பார்த்தவர். 2007-ல் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவராகி, முழுப் பயிற்சியும் கருவிகளும் போதிய ஓய்வும் இல்லாத படைப்பிரிவை அனுப்பக் கூடாது என்று நிபந்தனை வைக்கும் வழியை முன்வைத்தார். பணத்தை நிறுத்தாமலேயே போரைச் சுருக்கும் வழி அது. என் பார்வையில் அந்த ஆண்டு முன்வைக்கப்பட்டவற்றில் மிகவும் யோசித்த திட்டம்.

இன்னொரு பக்கம், தன் தொகுதிக்கு இயர்மார்க் கொண்டுபோவதில் அவரைப் போல் வேறு ஆள் இல்லை. ஜான்ஸ்டவுனில் இருந்த போதைப்பொருள் உளவு மையத்துக்கான 2.3 கோடி டாலரை நீக்க மிச்சிகனின் மைக் ராஜர்ஸ் முயன்றபோது, இனி உனக்கு எந்த இயர்மார்க்கும் கிடைக்காது என்று சபைக்குள்ளேயே மிரட்டினார் என்பது புகார். அவரைக் கண்டிக்கும் தீர்மானத்தை 2007 மே 22 அன்று 219-189 என்று கிடப்பில் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதே சபை போர்ப் பணத்தைக் கொடுத்தது. ஒரே வாரம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அப்புறம் பிஎம்ஏ என்ற லாபி நிறுவனம், அதாவது வாடிக்கையாளர்களுக்காக உறுப்பினர்களிடம் பேசிக் காரியம் சாதித்துத் தரும் நிறுவனம். அதை நடத்தியவர் அந்தத் துணைக்குழுவில் முன்பு வேலை பார்த்தவர். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு இயர்மார்க் போனது, உறுப்பினர்களுக்குத் தேர்தல் நன்கொடை வந்தது. 2008-ல் எஃப்பிஐ சோதனை போட்டது. மர்தா 2010 பிப்ரவரி 8 அன்று இறந்தார். அதே மாதம் நெறிமுறைக் குழு அவர் உட்பட ஏழு பேர் மீதும், ஐந்து பேர் அவர் கட்சி, இருவர் எதிர்க்கட்சி, விதிமீறல் இல்லை என்று முடித்தது. நிறுவனத் தலைவர் சட்டவிரோத நன்கொடைக்காகச் சிறை போனார். ஆக மர்தா மீது குற்றம் நிரூபணமாகவில்லை. போரைப் பற்றி அவர் சொன்னது சரி, பணத்தைக் கையாண்ட விதம் சரியில்லை என்று இரண்டையும் சேர்த்தே நான் சொல்வேன். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது.

ஃப்ரீசர்ல கட்டுக்கட்டாப் பணம் வெச்சிருந்த உறுப்பினர் யாரு? அவரை ஏன் ரெண்டு கட்சியும் காப்பாத்தினாங்க?

லூசியானாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் வில்லியம் ஜெபர்சன். 2005 ஆகஸ்டில் அவர் வீட்டு ஃப்ரீசரில் எஃப்பிஐ 90,000 டாலர் எடுத்தது. 2006 மே மாதம் அவருடைய காங்கிரஸ் அலுவலகத்தையே சோதனை போட்டது. காப்பாற்றினார்கள் என்பது சரியில்லை. அலுவலகச் சோதனையைத்தான் அப்போதைய குடியரசுக் கட்சி சபாநாயகர் ஹாஸ்டர்ட்டும் பெலோசியும் சேர்ந்து எதிர்த்தார்கள். உறுப்பினர் சபையில் பேசியதற்கும் செய்ததற்கும் அரசு அவரைத் துரத்தக் கூடாது என்ற பாதுகாப்பு அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சோதனையின் ஒரு பகுதி அந்தப் பாதுகாப்பை மீறியது என்றது. முக்கியமான ஒரு குழுவிலிருந்து அவரை நீக்கியதோ அவருடைய கட்சியேதான்.

2007 ஜூனில் குற்றச்சாட்டு, 2009-ல் தண்டனை, 13 ஆண்டுச் சிறை. லஞ்சத்துக்கான விளக்கத்தை வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சுருக்கியதால் 2017-ல் வெளியே வந்தார்.

கட்சிக்குப் பாதிப் பாதின்னா நெறிமுறைக் குழு நியாயமாத்தானே இருக்கும்?

பாதிப் பாதி என்றால் ஒரு கட்சி இன்னொன்றைப் பழிவாங்க முடியாது, சரிதான். அதோடு ஒருவரும் யாரையும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவும் முடியும். 1997 ஜனவரியில் குடியரசுக் கட்சி சபாநாயகர் நியூட் கிங்ரிச் 395-28 என்று கண்டிக்கப்பட்டு 3 லட்சம் டாலர் கட்டினார். அந்தச் சண்டையில் களைத்துப்போன இரு கட்சிகளும் இனி நீ என்மேல் புகார் கொடுக்காதே, நானும் கொடுக்க மாட்டேன் என்று எழுதாத ஒப்பந்தத்துக்கு வந்தன. வெளியாட்கள் நேரடியாகப் புகார் தரும் வழியையும் அதே ஆண்டு அடைத்தார்கள். சுமார் ஏழு ஆண்டுகள் அப்படியே ஓடின.

2004-ல் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டிலே மீது புகார் வந்தது, குழு அவரை எச்சரித்தது. அடுத்த சில மாதங்களில் குழுத் தலைவர் ஜோயல் ஹெஃப்லி மாற்றப்பட்டார். அவரும் டிலேயின் கட்சிக்காரர்தான். ஐந்துக்கு ஐந்து என்று முடங்கினால் புகார் தானாகவே தள்ளுபடி என்று விதியையும் மாற்றினார்கள். ஜனநாயகக் கட்சியினர் குழுவை நடத்த விடாமல் ஒத்துழைப்பை நிறுத்த, ஏப்ரல் 2005-ல் 406-20 என்று விதியைப் பழையபடியே திருப்பினார்கள். கன்னிங்ஹாம் விவகாரம் வெடித்த அந்த ஆண்டின் பெரும்பகுதி குழு இயங்கவே இல்லை. அவரைப் பிடித்தது பத்திரிகையும் அரசு வழக்கறிஞரும்தான்.

அப்போ வெளியாட்களை வெச்சு விசாரிக்க வழியே இல்லையா?

ஓரளவு வந்தது. 2007-ல் இயர்மார்க் சேர்ப்பவர் பெயர் வெளியிட வேண்டும் என்று விதி, லாபி சட்டத் திருத்தம். 2008 மார்ச் 11 அன்று 229-182 என்று காங்கிரஸ் நெறிமுறை அலுவலகம் உருவானது. உறுப்பினரல்லாத ஆறு பேர் வாரியம், இரு கட்சித் தலைமையும் நியமிப்பது. பொதுமக்கள் தகவல் தரலாம். ஆனால் ஆவணங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் அதிகாரமும் தண்டனை தரும் அதிகாரமும் இல்லை. விசாரித்துக் குழுவிடம் தள்ளிவிட வேண்டியதுதான். பிஎம்ஏ விவகாரத்தில் இருவரை மேலும் விசாரிக்கச் சொன்னது இந்த அலுவலகம். அவர்களையும் சேர்த்தே குழு விடுவித்தது என்று மேலே பார்த்தோம்.

இருந்தாலும் அதன் அறிக்கைகள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், அதுதான் உறுப்பினர்களுக்கு உறுத்தல். 2017 ஜனவரியில் குடியரசுக் கட்சியினர் மூடிய கூட்டத்தில் 119-74 என்று அதன் கையைக் கட்ட முடிவு செய்தார்கள். மறுநாள் தொலைபேசிகள் ஓயாமல் அடித்ததில் பின்வாங்கினார்கள். தொகுதி மக்களின் அழைப்புக்கு இவ்வளவு வேகமாகப் பலன் கிடைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாமே எதிர்க்கட்சியைப் பழிவாங்கத்தானே? எது நிஜம், எது அரசியல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் பார்ப்பது, சொந்தக் கட்சிக்காரர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதை. 2010 டிசம்பரில் சார்லஸ் ரேஞ்சல் மீது கண்டனம் 333-79 என்று வந்தது. அவருடைய ஜனநாயகக் கட்சிதான் அப்போது சபையின் பெரும்பான்மை. கிங்ரிச் விஷயத்திலும் அவர் கட்சியின் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். மர்தா தீர்மானத்தின் 219-189 அப்படி இல்லை, பெரும்பாலும் கட்சிக் கோட்டில் பிரிந்த ஓட்டு. அதை வைத்து அவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்ல முடியாது.

அடுத்து, விசாரித்தவருக்கு என்ன ஆனது என்று பார்ப்பேன். கன்னிங்ஹாமைச் சிறைக்கு அனுப்பிய சான் டியகோ அரசு வழக்கறிஞர் கேரல் லாம், 2006 டிசம்பரில் பதவி விலகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர். வேறு வகை வழக்குகளில் அவர் செயல்பாடு போதவில்லை என்று நீதி அமைச்சகம் காரணம் சொன்னது. அதைக் காங்கிரஸ் துருவத் தொடங்கி, 2007 ஆகஸ்டில் அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் கொன்சாலஸ் ராஜினாமாவை அறிவிக்கும் வரை போனது.

இப்போ உக்ரைன் பணத்துக்கும் இதே மாதிரிதான் சண்டையா?

ஓட்டுக் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது, கட்சிகள் மட்டும் இடம் மாறிவிட்டன. 2024 ஏப்ரல் 20 அன்று உக்ரைனுக்கான சுமார் 6,080 கோடி டாலர் 311-112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் சபையின் பெரும்பான்மையான குடியரசுக் கட்சியினர். அக்கட்சியில் ஆதரித்தவர்கள் 101 பேர்தான். 2007 மே 24-ல் பெலோசி இருந்த இடத்தில் இப்போது சபாநாயகர் மைக் ஜான்சன். ஒரு வித்தியாசம், ஜான்சன் வெளிப்படையாக ஆதரித்தே ஓட்டுப் போட்டார்.

ஒதுக்கிய பணத்தை அதிபர் நிறுத்திவைக்கும் எதிர்த்திசைச் சண்டையும் இதில் உண்டு. 2019-ல் உக்ரைனுக்கான 39.1 கோடி டாலரை டிரம்ப் நிறுத்திவைத்தது அவர் மீதான முதல் பதவிநீக்க விசாரணைக்கு இட்டுச் சென்றது. அதில் பாதுகாப்புத் துறையின் பங்கை நிறுத்தியது, காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் இஷ்டப்படி நிறுத்திவைக்கக் கூடாது என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியது என்று காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் சொன்னது.

கன்னிங்ஹாம் மாதிரி இனி நடக்காதுன்னு நம்பலாமா?

இயர்மார்க் 2011-லிருந்து தடை செய்யப்பட்டு, 2021-ல் வேறு பெயரில், தனியார் லாப நிறுவனங்களுக்குக் கிடையாது என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. கன்னிங்ஹாம் போன அதே வழி இப்போது கடினம்.

ஆனால் செனட் வெளியுறவுக் குழுவின் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் பாப் மெனென்டஸ் வீட்டில் 2022-ல் எஃப்பிஐ தங்கக் கட்டிகளும் 4.8 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமும் எடுத்தது. எகிப்துக்கான ராணுவ உதவி விஷயத்தில் அந்நாட்டுக்குச் சாதகமாக நடந்துகொண்டது குற்றச்சாட்டுகளில் ஒன்று. வேறொரு விவகாரத்தில் செனட் நெறிமுறைக் குழு 2018-லேயே அவருக்குக் கண்டிப்புக் கடிதம் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகும் 2021-ல் அவர் வெளியுறவுக் குழுத் தலைவர் பதவிக்குத் திரும்பினார். 2024 ஜூலையில் நடுவர் குழு 16 குற்றங்களிலும் அவரைக் குற்றவாளி என்றது. செனட் அவரை வெளியேற்றுவதற்கு முன் அவரே ஆகஸ்டில் விலகினார். தண்டனை 11 ஆண்டுகள்.